விந்தணு கவுண்ட் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால்: ஆண் பக்கத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

எங்கள் லேபுக்கு ஒரு தங்கச்சி வந்திருந்தாள், கையில் குழந்தைக்காகச் சோதனை செய்த மூன்று வருடத்து ஃபைல். தைராய்டு, சர்க்கரை, முட்டை வளர்ச்சி பார்த்த ஸ்கேன்கள், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, கடைசியாக ஒரு லேப்ராஸ்கோப்பி, எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். அதில் அவள் கணவர் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. "அவரு வரமாட்டேங்கறாருங்க, எனக்கு ஒண்ணுமில்லைங்கறாரு. அவருக்கு ரத்தத்துல பாத்துச் சொல்ல முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

முடியாது. விந்துப் பரிசோதனைக்கு மாற்று எதுவும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் துளை போட்டுப் பார்க்கும் அளவுக்கு அவள் போய்விட்டாள், இவர் ஒரு சின்ன டப்பாவில் சாம்பிள் கொடுக்க வரவில்லை. 15 வருடமாக மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், இப்படிப்பட்ட ஃபைல்களை எத்தனையோ பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் மனசு கனத்துத்தான் போகிறது. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழி சொல்கிற ஊர் நம்முடையது. சுற்றச் சொல்வதும் அவளைத்தான், கேலி பேசுவதும் அவளைத்தான். ஆனால் குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம், பலரிடம் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். அதனால் கணவருக்கான சோதனை கடைசியில் அல்ல, முதல் வாரத்திலேயே நடக்க வேண்டியது. செலவும் குறைவு, வலியும் இல்லை.

"தாம்பத்தியம் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு என்ன குறை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். வெளியே வரும் விந்து திரவத்தில் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்தும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருகிறது. விரையிலிருந்து வரும் பங்கு நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. ஆகவே விந்தணு ஒன்றுகூட இல்லாத ஒருவருக்கும் அளவு, நிறம், ஆசை, விறைப்பு எல்லாமே சாதாரணமாக இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாமலிருப்பது இதனால்தான். உடம்பைப் பார்த்தோ மீசையைப் பார்த்தோ இதைச் சொல்ல முடியாது, அதேபோல இதில் குறை வந்தால் ஆண்மை போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு.

எப்போது போவது

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, தடுப்பு முறை எதுவும் இல்லாமல் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் இருவரும் சோதனைக்குப் போக வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதமே போதும். இங்கே "சேர்ந்து" என்ற சொல் முக்கியம். துபாயிலோ சவுதியிலோ வேலை பார்த்துக்கொண்டு வருடத்துக்கு 30 நாள் லீவில் வருகிறவர் கல்யாணம் ஆகி நாலு வருடம் ஆச்சு என்பார், கூட்டிப் பார்த்தால் நாலு மாதம்தான் வரும். அதிலும் கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் மாதத்துக்கு ஆறுதான், முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 9ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். லீவு அந்த நாட்களில் அமையாமல் போனால் அது நோய் இல்லை.

அதே சமயம் சிலர் ஒரு வருடம் காத்திருக்கவே கூடாது. சிறுவயதில் விரை கீழே இறங்காமல் இருந்தவர்கள், இரண்டு பக்கமும் குடலிறக்க ஆபரேஷன் ஆனவர்கள், வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரையும் வீங்கியவர்கள், புற்றுநோய்க்கு கீமோவோ கதிர்வீச்சோ எடுத்தவர்கள், விரையில் பலமாக அடிபட்டவர்கள், இவர்கள் எல்லாம் முயற்சி தொடங்கும்போதே ஒரு சாம்பிள் கொடுத்துப் பார்த்துவிடலாம்.

சாம்பிள் கொடுப்பது

ரிப்போர்ட் தப்பாக வருவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடைவெளி. கடைசியாக விந்து வெளியேறிய நாளிலிருந்து குறைந்தது 2 நாள், அதிகம் போனால் 7 நாள். உறவு மட்டுமல்ல, சுய இன்பமும் கனவில் வெளியேறுவதும் இந்தக் கணக்கில் சேரும். இருபது நாள் சேர்த்து வைத்தால் கவுண்ட் ஏறும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. எண்ணிக்கை ஏறலாம், ஆனால் பழைய அணுக்களின் ஓட்டம் குறைந்துபோகும், ரிப்போர்ட்டைப் பார்த்து இல்லாத கவலையைக் கொண்டுபோவார்கள். முதல் முறை 3 நாள் இடைவெளி என்றால் இரண்டாம் முறையும் அதே 3 நாள் இருக்கட்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும்.

டப்பா லேப் கொடுப்பதாகவே இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் மருந்துப் பாட்டில், கழுவிய ஊறுகாய் பாட்டில் எதுவும் வேண்டாம். ஆணுறையில் பிடித்துக் கொண்டுவரக் கூடாது, அதில் தடவியிருக்கும் பொருள் அணுக்களை முடக்கிவிடும். எச்சில், எண்ணெய், சோப்பு, கடையில் விற்கும் வழுக்கு ஜெல் இவையும் ஆகாது. (குழந்தைக்கு முயற்சி செய்யும் காலத்தில் சாதாரண நாட்களிலும் அந்த ஜெல்களைத் தவிர்ப்பது நல்லது.) பயத்தில் கை நடுங்கி முதல் சொட்டு வெளியே போய்விடும், வெட்கப்பட்டுக்கொண்டு மீதியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அணுக்கள் அதிகமாக இருப்பது அந்த முதல் பகுதியில்தான். சிந்தியதைச் சொல்லிவிட்டால் நாங்கள் தாளில் குறித்துவிடுவோம், டாக்டர் அதை வைத்து முடிவெடுக்க மாட்டார், இன்னொரு நாள் கொடுத்தால் போதும்.

லேபிலேயே கொடுப்பது நல்லது. முடியாதென்றால் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள், எப்படிப் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டினாற்போல வைத்துக்கொள்ளுங்கள், வண்டியின் டேங்க் கவரில் வெயிலில் வைக்காதீர்கள். ஒரு அண்ணன் கெட்டுவிடக் கூடாதே என்று ஐஸ் போட்ட டப்பாவில் பத்திரமாகக் கொண்டுவந்தார், இரண்டு பஸ் மாறி. அணுக்கள் குளிரில் அசைவில்லாமல் கிடந்தன. அந்த மனுஷன் எவ்வளவு அக்கறையாகக் கொண்டுவந்தாரோ அவ்வளவும் வீணாயிற்று, யாராவது முதலிலேயே இரண்டு நிமிஷம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். பல லேபுகளில் தனி அறை கிடையாது, பொதுக் கழிவறையைக் கை காட்டுவார்கள், வெளியே ஆள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சூழலில் முடியவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை. தனி அறை இருக்கிறதா, மனைவி கூட வரலாமா என்று போனிலேயே கேளுங்கள். எப்படியும் கையால் எடுக்க முடியவில்லை என்பவர்களுக்கு அணுக்களைப் பாதிக்காத தனி வகை உறை இருக்கிறது, டாக்டரிடம் கேட்டால் சொல்வார்.

மைக்ராஸ்கோப்புக்குக் கீழே

சாம்பிள் வரும்போது ஜெல்லி போலக் கெட்டியாக இருக்கும். 37 டிகிரி சூட்டில் வைத்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் தண்ணீர் போல இளகிவிடும். இப்படி இளகினால்தான் அணு நீந்திப் போக முடியும். "விந்து நீர்த்துப் போச்சு" என்று பயமுறுத்தி லேகியம் விற்கிறார்களே, அவர்கள் நோய் என்று சொல்வது உடம்பு தானாகச் செய்கிற இந்த வேலையைத்தான். ஒரு மணி நேரம் கழித்தும் இளகாமலிருந்தால்தான் நாங்கள் தாளில் எழுதுவோம்.

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் தலையும் வாலுமாக அணுக்கள் தெரியும். சில நேராகப் பாய்ந்து பார்வை வட்டத்தை விட்டே போய்விடும், சில ஒரே இடத்தில் வட்டமடிக்கும், சில நின்ற இடத்திலேயே வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும், சில அசைவே இல்லாமல் கிடக்கும். இவற்றைத் தனித்தனியாக எண்ண வேண்டும். எண்ணிக்கைக்குக் கட்டம் போட்ட நியூபாயர் சேம்பர் என்று ஒரு தடித்த கண்ணாடி இருக்கிறது, அதில் குறைந்தது 200 அணுக்களை எண்ணி, மறுபடியும் இன்னொரு 200 எண்ணி, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நேரம் பிடிக்கிற வேலை. சாம்பிள் கொடுத்த பத்தாவது நிமிஷம் ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது என்றால் நான் அதை நம்பமாட்டேன்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

உலக சுகாதார அமைப்பு இதற்கென்று ஒரு கையேடு வைத்திருக்கிறது, முதல் பதிப்பு 1980இல், ஆறாம் பதிப்பு 2021இல் வந்தது. அந்த ஆறாம் பதிப்பின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள், மொத்தச் சாம்பிளில் 3.9 கோடி, அசையக்கூடியவை நூற்றுக்கு 42, முன்னோக்கி நீந்துபவை 30, உயிரோடு இருப்பவை 54, வடிவம் சரியாக இருப்பவை 4. சில லேபுகளின் தாளில் இன்னும் ஒரு மில்லிக்கு 2 கோடி என்று அச்சடித்திருக்கும், அது 1999 பதிப்பின் எண், அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 12 மாதத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் சாம்பிள்களை எடுத்து, அதில் நூற்றுக்கு ஐந்து பேர் எந்த அளவுக்குக் கீழே இருந்தார்களோ அதைக் கோடாகப் போட்டிருக்கிறார்கள். அதாவது கோட்டுக்குக் கீழே இருந்த அந்த ஐந்து பேரும் அப்பாக்கள்தான். கோட்டுக்குக் கீழே இருந்தால் நடக்கவே நடக்காது என்றில்லை, மேலே இருந்தால் நிச்சயம் என்றும் இல்லை.

எல்லோரும் முதலில் பார்ப்பது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்ற கவுண்டை. மொத்த எண்ணிக்கையையும் பாருங்கள். ஒருவருக்கு மில்லிக்கு 1.2 கோடி, குறைவு என்று சிவப்பில் அடித்திருக்கும், ஆனால் அளவு 4 மில்லி இருந்தால் மொத்தம் 4.8 கோடி, அது எல்லைக்கு மேலே. இன்னொருவருக்கு மில்லிக்கு 3 கோடி, ஆனால் அளவு அரை மில்லிதான், மொத்தம் 1.5 கோடிக்கு இறங்கிவிடும். அந்த அளவுக் குறைவு ஏன் என்று தேட வேண்டும், சிந்திப்போனதா இல்லை பாதையில் ஏதாவது தடையா என்று.

வடிவத்தைப் பார்த்து அழுகிறவர்கள் உண்டு. "நூற்றுக்கு 95 கோணலாம், குழந்தை ஊனமாப் பொறக்குமா சார்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார், குரல் உடைந்திருந்தது. அவருக்கு நல்ல வடிவம் 5, எல்லை 4, ஆகவே அவர் சரியாகவே இருந்தார். மனித விந்தில் பெரும்பாலான அணுக்கள் அந்தக் கண்டிப்பான அளவுகோலுக்குப் பொருந்தாமல்தான் இருக்கும். அணுவின் தலை கோணலாக இருப்பதற்கும் குழந்தையின் உருவத்துக்கும் சம்பந்தமில்லை.

சீழ் அணுக்கள் மில்லிக்கு 10 லட்சத்துக்கு மேல் இருந்தால் தொற்று இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். டிஎன்ஏ சிதைவு (அணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருள் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது) என்று ஒரு விலையுயர்ந்த டெஸ்ட்டை எடுத்த எடுப்பிலேயே எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். திரும்பத் திரும்பக் கரு கலைகிறவர்களுக்கு அதில் பயன் உண்டு, முதல் நாளே எல்லோருக்கும் தேவையில்லை.

முக்கியமான ஒன்று, ஒரே ஒரு தாளை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரே ஆளின் எண்ணிக்கையே வாரத்துக்கு வாரம் வெகுவாக ஏறி இறங்கும். முதல் ரிப்போர்ட்டில் குறை இருந்தால் கட்டாயம் இரண்டாவது எடுங்கள். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அப்புறம் விரைமேல் குழாய் வழியாக முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாட்கள், ஆகமொத்தம் மூன்று மாதம். இன்றைக்குப் பார்க்கிற அணு மூன்று மாதத்துக்கு முன்னால் உற்பத்தி தொடங்கியது. டெங்கு, டைஃபாய்டு என்று அப்போது நாலைந்து நாள் கடுங்காய்ச்சலில் கிடந்திருந்தால் அது இந்தத் தாளில் தெரியும். அதனால் ரிப்போர்ட் சரியில்லை என்றால் முதலில் மூன்று மாதத்தைப் பின்னோக்கி யோசித்துப் பாருங்கள், பிறகு மூன்று மாதம் விட்டு மறுபடி எடுங்கள்.

டாக்டர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்

ரிப்போர்ட்டை மேசையில் வைத்தவுடன் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிற இடத்தில் நிற்காதீர்கள். சிறுநீரகவியல் டாக்டரோ ஆண்ட்ராலஜி என்கிற ஆண்களுக்கான மருத்துவம் படித்தவரோ உங்களை நிற்க வைத்து, படுக்க வைத்துப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகவியல் ஓபியிலும் இதைப் பார்ப்பார்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

விரையின் அளவைப் பார்க்கப் பாசிமணி மாலை போல ஒன்றை வைத்திருப்பார்கள். 1966இல் ஆண்ட்ரியா பிராடர் என்ற சுவிட்சர்லாந்து டாக்டர் கொண்டுவந்தது, 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை 12 மணிகள் கோத்தது. ஒரு கையில் விரையையும் மறு கையில் மணியையும் பிடித்து எதற்குச் சமம் என்று பார்ப்பார். வளர்ந்த ஆணுக்கு 15 மில்லிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. விரை மிகச் சிறியதாக இருந்தால் உற்பத்தியிலேயே குறை என்று சந்தேகம் வரும், அளவு சரியாக இருந்தும் கவுண்ட் பூஜ்யம் என்றால் பாதை அடைப்பு என்ற பக்கம் யோசிப்பார். கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்றும் பார்ப்பார். விந்தணு குறைவாக உள்ள ஆண்களிடம் விரைப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் காணப்படுகிறது, தொட்டுப் பார்க்காமல் அது தெரியாது.

அடுத்தது வெரிகோசீல். விரையிலிருந்து ரத்தம் திரும்பிப் போகிற நாளங்கள் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது போலப் புடைத்துக்கொள்வது. நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லித் தொட்டால், துணிப்பைக்குள் மண்புழுக்களைப் போட்டுக் கட்டியது போல விரலுக்குத் தட்டுப்படும். அதிகமும் இடது பக்கம்தான், ஏனென்றால் இடது விரையின் நாளம் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது, ரத்தம் ஏறுவது சிரமம். தேங்கிய ரத்தம் விரையைச் சூடாக்குகிறது. விரைக்கு உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான சூடு வேண்டும், அதற்காகத்தான் அது உடம்புக்கு வெளியே தொங்குகிறது. எல்லா ஆண்களிலும் நூற்றுக்கு 15 பேருக்கு வெரிகோசீல் இருக்கிறது, குழந்தையின்மைக்காக வருகிறவர்களில் நூற்றுக்கு 35 முதல் 40 பேருக்கு. கையால் தொட்டால் தெரிகிற அளவில் இருந்து, ரிப்போர்ட்டும் குறைவாக இருந்தால் ஆபரேஷன் பலன் தரலாம். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்ன வெரிகோசீலுக்குக் கத்தி வைக்க வேண்டியதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். வலது பக்கம் மட்டும் திடீரென்று வந்தால் வயிற்றையும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்வார்கள், மறுக்காதீர்கள்.

பூஜ்யம் என்று வந்தால்

ஆண்களில் நூற்றுக்கு ஒருவருக்கு விந்தில் அணுவே இருப்பதில்லை. இந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும் நேரம்தான் என் வேலையில் எனக்கு மிகக் கடினமானது. வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, சாம்பிளை மெஷினில் வேகமாகச் சுழற்றி அடியில் தங்கியதைப் பார்த்தீர்களா என்று. மேலே ஒன்றும் தெரியாத சாம்பிளில்கூட அடியில் நாலைந்து அணு கிடைப்பதுண்டு, அது பெரிய வித்தியாசம்.

ஆரம்பத்தில் சொன்னேனே அந்தத் தங்கச்சி, அவள் கணவர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். பூஜ்யம். இரண்டாவது முறையும் பூஜ்யம். விரை அளவு நன்றாக இருந்தது, அணு உற்பத்திக்காக விரையைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோனும் சாதாரணம். டாக்டர் அடிவயிற்றைப் பார்த்தபோது இரண்டு பக்கமும் மங்கலான தழும்பு. நாலு வயதில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனது, அவருக்கு நினைவே இல்லை, அவர் அம்மாவைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த ஆபரேஷனில் விந்துக் குழாய் காயப்பட்டு அடைத்திருந்தது. விரையில் உற்பத்தி நடந்துகொண்டுதான் இருந்தது, ஊசி மூலம் அணு எடுக்க முடிந்தது. மூன்று வருடமாக அவள் வயிற்றில் தேடிக்கொண்டிருந்த காரணம் இவர் அடிவயிற்றில் இருந்த அந்தத் தழும்புதான்.

பூஜ்யம் என்றால் மூன்று கேள்வி: உற்பத்தி இல்லையா, உற்பத்தியாகிப் பாதை அடைத்திருக்கிறதா, இல்லை மூளையிலிருந்து கட்டளையே வரவில்லையா. விரைக்குக் கட்டளை கொண்டுபோகும் எஃப்எஸ்எச், எல்எச் ஹார்மோன்களும், விரை சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் இதைப் பிரித்துச் சொல்ல உதவும். டெஸ்டோஸ்டிரோனுக்குக் காலையில் பத்து மணிக்குள் ரத்தம் கொடுங்கள், மாலையில் அளவு இறங்கிவிடும். எஃப்எஸ்எச் உயர்ந்து விரையும் சிறியதாக இருந்தால் உற்பத்திக் குறை. எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் இரண்டுமே குறைவாக இருந்தால், அந்தக் கட்டளையை அனுப்புகிற மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி பக்கம் கோளாறு. பிறவியிலேயே வாசனை தெரியாதவர்களுக்கு இது இருக்க வாய்ப்புண்டு, டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். இந்த வகை, மாதக்கணக்கில் ஹார்மோன் ஊசி போட்டால் பெரும்பாலும் நன்றாகவே திரும்பி வரும்.

பாதை அடைப்புக்குப் பழைய ஆபரேஷன் தவிர வேறு காரணங்களும் உண்டு. நம் நாட்டில் காசநோய் விரைமேல் குழாயைத் தாக்கி அடைப்பது நடக்கிறது. சிலருக்கு விந்துக் குழாயே பிறவியில் இருக்காது, அவர்களுக்கு விந்தின் அளவு குறைவாகவும் அமிலத்தன்மையோடும் இருக்கும், ஃபிரக்டோஸ் சர்க்கரை இருக்காது, டாக்டர் விரலால் தொட்டாலே குழாய் இல்லாதது தெரிந்துவிடும். பல வருடச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் விந்து முன்னால் வராமல் பின்னோக்கி மூத்திரப்பைக்குள் போய்விடலாம், உச்சம் வந்த பிறகு மூத்திரத்தைச் சோதித்தால் அணுக்கள் கிடைக்கும்.

உற்பத்திக் குறையில் மரபணுக் காரணங்களைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை மில்லிக்கு 50 லட்சத்துக்குக் கீழே இருந்தாலே குரோமோசோம் சோதனையும் ஒய் குரோமோசோம் துண்டு இழப்புச் சோதனையும் எடுக்கச் சொல்வார்கள். ஏறக்குறைய 600 ஆண்களில் ஒருவருக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது, கிளைன்ஃபெல்டர் என்று பெயர், பலருக்குக் குழந்தைக்காகச் சோதிக்கும்வரை தெரியவே தெரியாது. அவர்களிலும் விரைக்குள் மைக்ராஸ்கோப் வைத்துத் தேடி அணு எடுப்பது பலருக்குச் சாத்தியப்படுகிறது. ஆனால் ஒய் குரோமோசோமில் அணு உற்பத்திக்குத் தேவையான ஏஇசட்எஃப் என்ற இடத்தின் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லாவிட்டால் விரையைத் திறந்து தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் அந்தச் சோதனை வேண்டும் என்கிறார்கள்.

நாமே தேடிக்கொள்கிற காரணங்கள்

இதில் எனக்கு அதிகக் கவலை தருவது ஜிம் ஊசி. உடம்பு ஏற்றுவதற்காக டெஸ்டோஸ்டிரோனும் ஸ்டீராய்டும் போட்டுக்கொள்கிற தம்பிகள், அது ஆண்மையைக் கூட்டும் என்று நம்புகிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தவுடன் மூளை எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் நிறுத்திவிடுகிறது, விரை சுருங்குகிறது, அணு உற்பத்தி நின்றே போகலாம். கிட்டத்தட்ட கருத்தடை மருந்து போலத்தான் அது வேலை செய்கிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று திரும்பி வருகிறது, எல்லோருக்கும் வருவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட் வந்து யாராவது டாக்டர் அதே ஊசியை எழுதினாலும், குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்பதை வாய் திறந்து சொல்லுங்கள், மருந்தே மாறிவிடும்.

சிகரெட், அளவு மீறிய குடி, கஞ்சா, தொப்பை, கட்டுப்பாடில்லாத சர்க்கரை எல்லாம் தெரிந்த கதைதான். ரொட்டி அடுப்பு, பாய்லர், வெல்டிங், நாள் முழுக்க சூடான இன்ஜின் மேல் உட்கார்ந்து லாரி ஓட்டுவது இவற்றில் சூடு ஒரு காரணம், வேலையை விட முடியாது, ஆனால் இடையிடையே எழுந்து நிற்கலாம், தளர்வான உடை போடலாம். பூச்சிமருந்து அடிப்பவர்கள் கையுறை, முகக்கவசம் இல்லாமல் அடிக்காதீர்கள். 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற மருந்து தயாரித்த தொழிற்சாலை ஆண்களில் பலருக்கு அணுவே இல்லை என்று தெரியவந்து அந்த மருந்தையே தடுக்க வேண்டியதாயிற்று. பெருங்குடல் அழற்சிக்குத் தரும் சல்ஃபாசலசின் போன்ற சில மாத்திரைகளும் கவுண்டைக் குறைக்கும், தானாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கீமோ தொடங்கப் போகிற இளைஞர் யாராவது வீட்டில் இருந்தால், அதற்கு முன்னால் விந்தணுவை உறைய வைக்க முடியும் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள், பிறகு சொல்லிப் பயனில்லை.

சுய இன்பம் காரணம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சிறுவயதுக் கைப்பழக்கம்தான் காரணம், நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஊர் ஊராக லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்களிடம் ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். பணத்தைவிட மனைவியின் வயதும் அவர்களுடைய நேரமும் போனதுதான் பெரிய இழப்பு. பவுடரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடாதீர்கள்.

இன்னொரு பக்கம், சில கருத்தரிப்பு மையங்களில் கணவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நேராக ஐவிஎஃப் (உடம்புக்கு வெளியே லேபில் கரு உண்டாக்குவது), இக்ஸி என்று போய்விடுகிறார்கள். ஒரே ஒரு அணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் 1992இல் பிரஸ்ஸல்ஸில் முதல் கர்ப்பங்கள் அறிவிக்கப்பட்டன, லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது வெளிச்சம் கொண்டுவந்த கண்டுபிடிப்பு, அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஊசி, மயக்கம், முட்டை எடுப்பது எல்லாம் அவள் உடம்பில்தான் நடக்கிறது. அவருடைய காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்துவிட்டு அங்கே போவது நியாயம். மனைவிக்கு வயது ஏறிக்கொண்டிருந்தால் மட்டும் இரண்டையும் சேர்த்தே பேசுங்கள், அவருக்கு மருந்து கொடுத்து ஒரு வருடம் காத்திருக்க நேரம் இருக்காது.

முதல் முறை டாக்டரிடம் போகும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். கையில் இருக்க வேண்டியவை: விந்து ரிப்போர்ட் இரண்டு, அவற்றில் இடைவெளி நாளும் கொடுத்த நேரமும் சோதித்த நேரமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையும், ஜிம் பவுடர் டப்பாவும் சேர்த்து, பழைய ஆபரேஷன் டிஸ்சார்ஜ் தாள் இருந்தால் அது. போவதற்கு முந்தின நாள் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, சின்ன வயதில் எனக்கு விரை இறங்காமல் இருந்ததா, ஏதாவது ஆபரேஷன் செய்தார்களா, பொன்னுக்கு வீங்கி எந்த வயதில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.